எந்தக் களைப்புக்கு எந்த ஊர்?

பள்ளிப்பட்டிலிருந்து இரண்டு நாள் ஓய்வுக்குக் கிளம்புகிறவர்கள் ஸ்பா விடுதியை எப்படித் தேர்ந்தெடுப்பது?

சூரசம்ஹாரம் நடக்காத முருகன் தலம் திருத்தணி. கந்த சஷ்டியின் ஆறாம் நாள் திருச்செந்தூர்க் கடற்கரையில் சூரன் தலை சாயும்போது, தணிகை மலையில் கூடை கூடையாகப் பூக்களைக் கொட்டிப் புஷ்பாஞ்சலி நடத்துகிறார்கள். போர் முடித்து வந்த முருகன் கோபம் ஆறி அமர்ந்த மலை இது. இங்கே எதற்கு மறுபடியும் வேலைத் தூக்க வேண்டும் என்பது ஐதீகம். 365 படி ஏறிப் போனவர்கள் திரும்பும்போது சுவாமிக்குச் சாத்திய சந்தனத்தைக் கேட்டு வாங்கி வருவார்கள். தண்ணீரில் கரைத்துக் குடித்தால் உடம்பு நோவு தீரும் என்று நம்பிக்கை.

அந்த மலையிலிருந்து வடமேற்கே, ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கிறது பள்ளிப்பட்டு. கொசஸ்தலை ஆற்றங்கரை ஊர். மழைக்காலத்தில் ஆந்திரப் பக்கத்துக் கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்தால் இங்கே தரைப்பாலங்கள் மூழ்கும். மற்ற நாள்களில் ஊரின் அடையாளம் விசைத்தறிச் சத்தம்தான். பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் என்று சுற்றுவட்டாரம் முழுக்கத் தறிதான். இந்த ஊர்களிலும் இப்போது வெள்ளிக்கிழமை மாலையானால் அந்தக் கேள்வி எழுகிறது: “ரெண்டு நாள் எங்கியாவது போய்ட்டு வந்தா என்ன?”

கையில் போன் இருக்கிறது. நீலத் தண்ணீர் நிறைந்த நீச்சல் குளம், முதுகில் அடுக்கிய கறுப்புக் கற்கள், வெள்ளைத் துண்டு, செம்பருத்திப்பூ என எல்லா ஸ்பா விளம்பரத்திலும் ஒரே படம். படத்தைப் பார்த்து விடுதி எடுத்தால் கிடைப்பது படம்தான். முதலில் கேட்க வேண்டியது வேறு: வீட்டில் யாருக்கு, எந்த மாதிரிக் களைப்பு?

மூன்று வகைக் களைப்பு

நாள் முழுக்கத் தறியோரம் நிற்பவருக்குக் கெண்டைக்காலிலும் தோள்பட்டையிலும் வலி; போதாததற்குக் காதும் களைத்திருக்கும். அவருக்கு எண்ணெயும் வெந்நீரும் கைப்பக்குவமும் வேண்டும். அதைவிட முக்கியமாக, சத்தமில்லாத அறை வேண்டும். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் ஷிஃப்டு மாற்றி மாற்றி வேலை பார்க்கிற பிள்ளைக்குப் பற்றாக்குறை தூக்கம்தான். அவனைக் காலை 6 மணிக்கு யோகா வகுப்புக்கு எழுப்புகிற விடுதி தண்டனை. மூன்றாவது வகை, வீட்டை நடத்துகிறவர்களின் களைப்பு. அடுத்த வேளைக்கு என்ன சமைப்பது, யாருக்கு எப்போது மாத்திரை கொடுப்பது என்று ஓயாமல் கணக்குப் போடுகிற மனத்தின் அயர்வு. இவர்களுக்கு மசாஜை விட, யாரும் எதுவும் கேட்காத நான்கு மணி நேரம் பெரிது.

நெதர்லாந்தில் 1,530 பேரை வைத்துச் சுற்றுலாவும் மகிழ்ச்சியும் பற்றி ஓர் ஆய்வு செய்து 2010இல் வெளியிட்டார்கள். போகப்போகிறோம் என்ற நினைப்பிலேயே மனிதர்கள் சந்தோஷமாகிவிடுகிறார்கள். திரும்பி வந்த பிறகு, போனவர்களுக்கும் போகாதவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரே ஒரு விதிவிலக்கு: “மிக மிக நிம்மதியாக இருந்தது” என்று சொன்னவர்களுக்கு மட்டும் அந்தத் தெம்பு சுமார் இரண்டு வாரம் தங்கியது. சுமாரான ஓய்வு வீட்டு வாசலிலேயே கரைந்துபோகும் என்பது இதன் பொருள். எனவே இரண்டு நாளில் ஐந்து இடம் பார்க்கிற திட்டத்தை முதலில் கிழித்துப்போட வேண்டும்.

ஒரு மணி நேரத் தூரத்தில்

விடுதி என்று தேடுவதற்கு முன், இந்த வட்டாரம் தலைமுறைகளாக எதை வைத்து உடம்பையும் மனத்தையும் தேற்றி வந்தது என்று பார்க்கலாம்.

சோளிங்கர் பக்கத்தில்தான் இருக்கிறது. மலையடிவாரக் கொண்டபாளையத்தில் தக்கான் குளம். மனக்கலக்கம் உள்ளவர்களை அழைத்து வந்து, நாள்கணக்கில் தங்க வைத்து, அந்தக் குளத்தில் முழுக்காட்டி, 1,305 படி ஏற்றி யோக நரசிம்மரைத் தரிசிக்க வைப்பது பழைய வழக்கம். அதிகாலைக் குளியல், மலையேற்றம், எளிய சாப்பாடு, சீக்கிரத் தூக்கம் என்று இன்றைக்குப் பெரிய விடுதிகள் அச்சடித்துத் தருகிற அட்டவணை அதில் அப்படியே இருக்கிறது. 2024இல் ரோப்கார் வந்துவிட்டதால் முழங்கால் வலிக்காரர்களுக்கும் இப்போது மலை எட்டும். கார்த்திகை மாதத்து வெள்ளி முதல் ஞாயிறு வரை மட்டும் ஓய்வை நினைத்துப் போகாதீர்கள். கூட்டத்தில் நிற்கவே தெம்பு வேண்டும்.

வடக்கே திரும்பினால் புத்தூர். எலும்பு முறிவுக்குப் ‘புத்தூர் கட்டு’ என்று தென்னிந்தியா முழுக்கப் பெயர் வாங்கிய ஊர். பச்சிலை விழுது, முட்டை வெள்ளைக்கரு, துணி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டுகிற அந்த வைத்தியத்தை 19ஆம் நூற்றாண்டிலிருந்து ராஜு குடும்பத்தார் செய்துவருகிறார்கள். இதை இங்கே சொல்லக் காரணம் உண்டு. இடுப்புப் பிடிப்பு, கழுத்துச் சுளுக்கு, பழைய முறிவு என்று ஏதோ ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு, “ஸ்பாவில் சரியாகிவிடும்” என்று போகிறவர்கள் நிறையப் பேர். விழுந்து அடிபட்டிருந்தால் முதலில் எக்ஸ்-ரே, அப்புறம் வைத்தியர். விடுதி மசாஜ் அயர்வுக்கு மட்டும்தான்.

புத்தூர், நாராயணவனம் பக்கத்தில் கைலாசகோனை அருவி இருக்கிறது. ஆண்டு முழுக்கத் தண்ணீர் விழும் இடம். சிவன் கோயிலும் உண்டு. வார நாளில் போனால் தனிமை, ஞாயிற்றுக்கிழமை போனால் திருவிழா. அருவியின் இரைச்சலும் ஒரு சத்தம்தான், ஆனால் தறிச் சத்தத்தைக் கேட்டுக் களைத்த காதை அது உறுத்துவதில்லை.

இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால்

நட்சத்திர விடுதியும் ஸ்பாவும்தான் வேண்டும் என்றால் முதலில் கண்ணில் படுவது கிழக்குக் கடற்கரைச் சாலை. கோவளத்தில் பழைய டச்சுக் கோட்டை இருந்த இடத்தில் நிற்கும் தாஜ் ஃபிஷர்மேன்ஸ் கோவ், மாமல்லபுரத்து ராடிசன் புளூ டெம்பிள் பே போன்றவை அங்கேதான். கடல், புல்வெளி, நல்ல சாப்பாடு எல்லாம் உண்டு. பள்ளிப்பட்டுக்காரருக்கு இருக்கிற தொல்லை சாலைதான். வெள்ளிக்கிழமை மாலை திருவள்ளூர் தாண்டிச் சென்னைப் புறநகரைக் கடந்து கடற்கரையை எட்டுவதற்குள் இடுப்பு இன்னொரு ரவுண்டு வலிக்கும். போக மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகுமென்றால், இரண்டு இரவாவது தங்கினால்தான் செலவுக்கு நியாயம்.

புதுச்சேரியை ஒட்டி, ஆரோவில்லைச் சேர்ந்த குவயட் ஹீலிங் சென்டர் கடலோரத்தில் இருக்கிறது. ‘வாட்சு’ என்ற முறைக்கு அந்த இடம் பெயர்பெற்றது. உடல் சூட்டுக்கு ஒத்த வெதுவெதுப்பான தண்ணீரில் ஆளை மிதக்க வைத்து, தாங்கிப் பிடித்தபடி மெதுவாக அசைத்து நீட்டிவிடுகிற பயிற்சி அது. பெயருக்கேற்ற அமைதியும் உண்டு. பார்ட்டி, பஃபே, டி.ஜே. எதிர்பார்க்கிறவர்களுக்கு ஏற்ற இடமல்ல.

தென்மேற்கே ஏலகிரி. 14 கொண்டை ஊசி வளைவு ஏறினால் குளிர்ந்த காற்று. அங்கே விடுதியைக் காற்றுக்காகவும் நடைக்காகவும் எடுக்கலாம். வடக்கே திருப்பதியில் பெரிய ஹோட்டல்கள் உண்டு. சனி, ஞாயிறுகளில் அந்த ஊருக்கே தரிசனப் பரபரப்பு என்பதால் தூங்கி எழ ஆசைப்படுகிறவர்கள் யோசிக்க வேண்டும்.

பணம் குறைவாக இருந்து, எண்ணெய்க் குளியல்தான் குறி என்றால் ஒகேனக்கல். காவிரிக் கரையில் பாறை மேல் உட்கார வைத்து, நல்லெண்ணெயைத் தலையிலிருந்து கால்வரை அடித்துத் தேய்த்து, “இப்ப போய்க் குளிங்க சார்” என்று அருவிக்கு அனுப்புகிற மாலிஷ்காரர்கள் அங்கே தலைமுறையாகத் தொழில் செய்கிறார்கள். கதவில்லாத, ஏசி இல்லாத ஸ்பா. கர்நாடக அணைகளிலிருந்து நீர்வரத்து கூடினால் அருவியில் குளிக்கவும் பரிசலுக்கும் மாவட்ட நிர்வாகம் தடை போட்டுவிடும். கிளம்பும் காலையில் செய்தியைப் பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது.

யார் கை?

விடுதியின் பளிங்குத் தரையை விட, முதுகில் படப்போகிற கை முக்கியம். சித்த மருத்துவத்தில் மர்த்தனத்துக்குத் தொக்கணம் என்று பெயர். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று ஒன்பது வகையாக அதைப் பிரித்திருக்கிறார்கள். எங்கே தட்ட வேண்டும், எங்கே அழுத்தக் கூடாது என்று படித்துத் தெரிந்தவர் தொடுவதும், இரண்டு வாரப் பயிற்சியோடு வந்தவர் தொடுவதும் ஒன்றாகாது. தாம்பரம் சானடோரியத்தில் 2005இல் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் தொக்கணம், வர்மம் போன்ற புறச்சிகிச்சைகள் தருகிறார்கள். உண்மையாகவே வலி இருப்பவர்கள் முதலில் அங்கே போய்க் காட்டலாம். திருத்தணியில் ரயில் ஏறிப் போய்விடலாம். விடுதிக்கு அப்புறம் போகலாம்.

விடுதிகளில் பெரும்பாலும் கிடைப்பது ஆயுர்வேத முறை. அப்யங்கம் என்றால் வெதுவெதுப்பான எண்ணெயை உடம்பு முழுக்கத் தேய்ப்பது. கேரள முறையில் இரண்டு பேர் இரு பக்கமும் நின்று ஒரே தாளத்தில் தேய்ப்பார்கள். சிரோதாரை என்றால் நெற்றியில் எண்ணெயை நூல் பிடித்தாற்போல் ஒழுகவிடுவது. நவரக்கிழி என்றால் பாலில் வெந்த நவரை அரிசியைத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுப்பது. இவை இரண்டு நாளில் ஒருமுறை செய்துகொண்டால் சுகம் தரும், தூக்கம் வரும். பஞ்சகர்மா அப்படியல்ல. முன்தயாரிப்பு, சோதனை, பத்தியம் என்று வாரக்கணக்கு பிடிக்கிற சிகிச்சை. “வீக் எண்ட் பஞ்சகர்மா பேக்கேஜ்” என்று யாராவது விற்றால், அந்த ஒரு வரியே அந்த விடுதியைத் தள்ளிவிடப் போதும்.

ஐரோப்பாவிலும் இந்தக் கணக்கு இப்படித்தான் இருந்தது. ஜெர்மனியின் பாடன்-பாடன், செக் நாட்டின் கார்லோவி வாரி உள்ளிட்ட 11 நீர்ச்சிகிச்சை ஊர்களை 2021இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அந்தக் காலத்தில் அங்கே போனவர்கள் மருத்துவர் சீட்டோடு போனார்கள்; வாரக்கணக்கில் தங்கினார்கள். அந்த ஊர்களின் பேரையும் படத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டு, இரண்டு இரவில் அதே பலனைச் சொல்வது வியாபாரம்.

கேரளச் சுற்றுலாத் துறை ஆயுர்வேத மையங்களை ‘கிரீன் லீஃப்’, ‘ஆலிவ் லீஃப்’ என்று தரம் பிரித்தபோது வைத்த நிபந்தனைகளை எங்கே போனாலும் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்: தகுதியுள்ள மருத்துவர் இருக்க வேண்டும், பயிற்சி பெற்றவர்களே தொட வேண்டும், ஆண்களுக்கு ஆண், பெண்களுக்குப் பெண்.

போனில் கேட்டுவிடுங்கள்

இணையத்தில் பணம் கட்டுவதற்கு முன் விடுதிக்கு ஒரு போன் போடுங்கள். ரிசப்ஷனோடு நிறுத்தாமல், ஸ்பா பகுதிக்கு இணைப்புத் தரச் சொல்லுங்கள்.

• மருத்துவர் இருக்கிறாரா? பி.எஸ்.எம்.எஸ்., பி.ஏ.எம்.எஸ்., பி.என்.ஒய்.எஸ். இதில் எது? சனி, ஞாயிறும் இருப்பாரா?

• ரத்த அழுத்தம், சர்க்கரை, கர்ப்பம், சமீபத்திய அறுவைச் சிகிச்சை பற்றி அவர்களாகவே கேட்கிறார்களா? கேட்காத இடம் ஆபத்து. காய்ச்சல், தோல் தொற்று, காலில் ரத்தக்கட்டி இருப்பவர்களுக்கு மசாஜே கூடாது.

• என்ன எண்ணெய்? பெயர் சொல்லத் தெரிய வேண்டும். “ஸ்பெஷல் ஹெர்பல் ஆயில் மேடம்” என்பது பதில் ஆகாது.

• 60 நிமிடம் என்றால் கை படுகிற நேரம் எவ்வளவு? உடை மாற்றுவது, குளிப்பது எல்லாம் அதற்குள்ளேயா, தனியா?

• அறைக்குப் பக்கத்தில் கல்யாண மண்டபமோ புல்வெளி ஹாலோ உண்டா?

கடைசிக் கேள்வியைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். கடற்கரைச் சாலை விடுதிகள் பலவும் இப்போது கல்யாணக் கூடங்கள். முகூர்த்த வாரத்தில் சங்கீத், ரிசப்ஷன், டி.ஜே. என்று நள்ளிரவு வரை ஸ்பீக்கர் அதிரும். தறிச் சத்தத்திலிருந்து தப்பித்து டிரம்ஸ் சத்தத்தில் மாட்டிக்கொள்வானேன்? வீட்டுச் சுவரில் தொங்குகிற தினசரிக் காலண்டரில் முகூர்த்த நாள் போட்டிருக்கும். அதைப் பார்த்து வாரத்தைத் தேர்ந்தெடுங்கள். கல்யாணம் இல்லாத ஆடி மாதம் விடுதிகள் ஓய்ந்திருக்கும். வாடகையைப் பேசிப் பார்க்கவும் இடம் உண்டு. ஆடிக் கிருத்திகை வாரத்தில் மட்டும் காவடிக் கூட்டத்தால் திருத்தணி வழி நகராது. மார்கழியிலும் கல்யாணம் இல்லை, ஆனால் கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரத்தில் வாடகை ஏறிவிடும். டிசம்பர் 31 இரவு திருத்தணியில் படித்திருவிழாவும் சேர்ந்துகொள்ளும்.

பில்லைப் படியுங்கள்

2025 செப்டம்பர் 22 முதல் நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரையுள்ள ஹோட்டல் அறைக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதற்கு மேல் போனால் 18 சதவீதம். ஸ்பா, யோகா, ஜிம் போன்ற உடல்நலச் சேவைகளுக்கும் 18இலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. பழைய விலைப்பட்டியலை வைத்துக்கொண்டு மசாஜுக்கு 18 போட்டால் கேளுங்கள். 7,400 ரூபாய் அறைக்கும் 7,600 ரூபாய் அறைக்கும் வாடகையில் வித்தியாசம் 200 ரூபாய்; வரியையும் சேர்த்தால் ஆயிரத்தைத் தாண்டும்.

‘சர்வீஸ் சார்ஜ்’ வேறு விஷயம். அது வரி அல்ல. ஹோட்டலும் உணவகமும் அதைத் தாங்களாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. உணவகச் சங்கங்கள் தொடுத்த வழக்கைத் தள்ளுபடி செய்து, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. “எடுத்துவிடுங்கள்” என்று சொல்ல உரிமை இருக்கிறது. முரண்டு பிடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

முன்பதிவுத் தளங்களில் ஒரு விலையைக் காட்டி, கடைசிப் பக்கத்தில் இன்னொன்றைச் சேர்ப்பது, கேட்காத பொருளைக் கூடையில் போட்டுவிடுவது, “இன்னும் ஒரே அறைதான்” என்று பொய்யாக அவசரப்படுத்துவது எல்லாமே 2023 நவம்பரில் தடை செய்யப்பட்ட தந்திரங்கள். அவசரப்படுத்துகிற விடுதியில் ஓய்வு எப்படிக் கிடைக்கும்?

தனிமை

தயங்காமல் பேச வேண்டிய விஷயம் இது. ஸ்பா என்றாலே சிலர் முகம் சுளிப்பதற்குப் போலீஸ் ரெய்டு செய்திகள் ஒரு காரணம். அதனால் ஸ்பாக்களுக்குள் கண்காணிப்புக் கேமரா வைக்க வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. அப்படி வைப்பது ஒருவரின் உடல் சார்ந்த உரிமையில் கை வைப்பதாகும் என்று 2022 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஒரு வழக்கில் சொன்னது. வாசலில், வரவேற்பறையில் கேமரா இருந்தால் நமக்குப் பாதுகாப்பு. மசாஜ் அறையிலோ உடை மாற்றும் அறையிலோ லென்ஸ் போல ஏதாவது தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு வெளியே வாருங்கள். வேண்டாம், வலிக்கிறது, போதும் என்று எந்த நிமிடமும் சொல்லலாம். தகுதியான தெரபிஸ்ட் அதற்கு முகம் கோண மாட்டார்.

எண்ணெய் தேய்க்கும் நாள்

இடம் முடிவானபின் நேரத்தைப் பாருங்கள். மசாஜைச் சனிக்கிழமை காலையில், வயிறு காலியாகவோ லேசாகவோ இருக்கும்போது வைத்துக்கொள்ளுங்கள். மூக்குமுட்டப் பஃபே சாப்பிட்டுவிட்டு மேசையில் குப்புறப் படுப்பது உடம்புக்கு ஆகாது. நம் வீட்டுப் பெரியவர்களின் எண்ணெய்க் குளியல் விதிகள் இங்கேயும் செல்லும்: சீயக்காயோ அரப்போ போட்டு வெந்நீரில் குளி, அன்றைக்குப் பச்சைத்தண்ணீர் வேண்டாம், வெயிலில் அலையாதே, பகலில் தூங்காதே. பகலில் தூங்காமல் ஓட்டிவிட்டால் சனிக்கிழமை ராத்திரித் தூக்கம் தானாக வரும். அந்தத் தூக்கத்துக்குத்தான் இவ்வளவு செலவும்.

ஞாயிற்றுக்கிழமை 11 மணிக்கு அறையைக் காலி செய்யச் சொல்வார்கள். நேராக வீட்டுக்கு வாருங்கள். வழியில் நான்கு கோயில், இரண்டு ஜவுளிக்கடை என்று சேர்த்துக்கொண்டு ராத்திரி பத்து மணிக்கு வீட்டுக் கதவைத் திறந்தால், கட்டிய பணம் வழியிலேயே போய்விட்டது என்று அர்த்தம்.

பணம் ஒரு ஆளுக்கு மட்டும்தான் மசாஜுக்குப் போதும் என்றால் யாருக்கு? பல வீடுகளில் அப்பாவுக்கு, அல்லது சம்பாதிக்கிற பிள்ளைக்கு என்று பேச்சில்லாமல் முடிவாகிவிடுகிறது. விடுதிக்குப் போயும் துணி மடிப்பவர், குழந்தைக்குச் சோறு ஊட்டுபவர், மாமியாரின் மாத்திரையை எடுத்து வைப்பவர் அந்த வீட்டின் பெண்தான். அவருக்கு முதல் சீட்டை எழுதுங்கள். அவர் அறைக்குள் இருக்கிற ஒன்றரை மணி நேரமும் குழந்தையும் மாத்திரையும் மற்றவர்கள் பொறுப்பு, கதவைத் தட்டி “சாவி எங்க வெச்ச?” என்று கேட்கக் கூடாது. இதற்கு வீட்டில் எல்லோரும் ஒத்துக்கொண்டால் சோளிங்கர் சத்திரமும் போதும். ஒத்துக்கொள்ளாவிட்டால் ஐந்து நட்சத்திர விடுதியிலும் அவருக்கு அது இன்னொரு வேலை நாள்தான்.